பாட்டு கத்துக்கிட்டவங்களுக்குப் பாட்டுல இருக்கற உணர்ச்சி கூடுதலா தெரியுமா?

நாதவிரும்பி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டிருக்கற கேள்வி இது. முறையா கத்துக்கிட்டவங்க, கேக்கறது மட்டும் போதும்னு இருக்கறவங்க, ரெண்டு பக்கத்து ஆட்களும் இங்க இருக்கறதால கேக்கறேன். நான் சின்ன வயசுலேர்ந்து வயலின் கத்துக்கறேன், என் ஃப்ரெண்ட்ஸ்ல நிறைய பேருக்கு ஒரு ஸ்வரம் கூட பேர் சொல்லத் தெரியாது. ஒரே பாட்டைச் சேர்ந்து கேக்கும்போது அவங்க எந்த இடத்துல கலங்கறாங்களோ அதே இடம் எனக்கும் முக்கியமாத்தான் படுது, ஆனா எனக்கு முதல்ல வர்றது "இங்க பேஸ் (தாழ்ந்த ஸ்வர வரிசை) கீழ இறங்குது, மேல மெலடி அசையாம நிக்குது" அப்படிங்கற கவனிப்புதான், உணர்ச்சி அதுக்குப் பின்னாடி வருது, சில நேரம் வர்றதே இல்ல. பயிற்சி காதைக் கூர்மையாக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, அது சரி. உணர்ச்சி விஷயத்துல அது என்ன பண்ணுது? கத்துக்காதவங்களுக்குத் தெரியாத ஏதாவது நமக்குத் தெரியுதா, இல்ல அவங்களுக்குக் கிடைக்கற ஏதோ நம்ம கையை விட்டுப் போகுதா? அனுபவமும் சொல்லுங்க, ஆராய்ச்சி படிச்சவங்க அதையும் சொல்லுங்க.

வெறுங்காது:
கத்துக்கிட்டவங்களுக்குத்தான் பாட்டு முழுசா புரியும்னு சொல்றதை நான் எப்பவுமே ஒத்துக்கிட்டதில்ல. எனக்கு ராகம் தெரியாது, கார்ட் (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கறது) தெரியாது, தாளம் கூட கை தட்டற அளவுக்குத்தான். ஆனா ஒரு பாட்டு துக்கமா இருக்கா, கோவமா இருக்கா, உள்ளுக்குள்ள ஒரு ஏக்கமா இருக்கான்னு முதல் சில நொடியிலயே தெரிஞ்சிடுது. அதுக்கு யாரும் எனக்குப் பாடம் எடுக்கல. பயிற்சி வேற எதுக்கு வேணா தேவைப்படலாம், உணர்ச்சிக்குத் தேவையில்லங்கறது என் உறுதியான கருத்து.

அலைவரிசை:
வெறுங்காது சொல்றதுக்கு நல்ல ஆதாரமே இருக்கு. இமானுவல் பிகாண்ட் குழு 2005-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 27 இசைத் துண்டு, எல்லாம் வாய்ப்பாட்டு இல்லாத மேற்கத்திய செவ்வியல் இசை. கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஐகான், க்ளிக் பண்ணிக் கேட்டுட்டு "உங்களுக்குள்ள ஒரே மாதிரி உணர்ச்சியைக் கொண்டு வர்ற துண்டுகளை ஒண்ணா சேர்த்து வைங்க", அவ்வளவுதான் வேலை. உணர்ச்சிக்குப் பேர் வைக்கவே சொல்லல, அதுதான் அந்த முறையோட அழகு, ஏன்னா பேர் வைக்கச் சொன்னா யாருக்கு வார்த்தை நிறைய தெரியுமோ அவங்க ஜெயிச்சிடுவாங்க. பயிற்சி பெற்றவங்க சேர்த்த கூட்டமும் பயிற்சி இல்லாதவங்க சேர்த்த கூட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணாவே இருந்துச்சு. அப்புறம் அதே துண்டுகளை 1 நொடியா வெட்டிக் கொடுத்தாங்க, அப்பவும் முடிவு பெருசா மாறல. முதல் சில நொடின்னு சொன்னீங்களே, அதை விடக் கம்மி.

ஆனா நாதவிரும்பி கேட்ட கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி ஒட்டிக்கிட்டிருக்கு, அதைப் பிரிக்காம பேசினா நாம சுத்திச் சுத்தி வருவோம். இந்த இசை எந்த உணர்ச்சியைக் காட்டுதுன்னு தெரிஞ்சுக்கறது ஒண்ணு. அந்த உணர்ச்சி நமக்குள்ள வர்றது இன்னொண்ணு. ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் காப்ரியல்சன் 2002-ல இந்த வித்தியாசத்தை ரொம்பத் தெளிவா எழுதினார். சோகமான இசைன்னு தெரிஞ்சும் சோகமே வராம கேக்கலாம், சோகமான இசை கேட்டு மனசு லேசாகவும் செய்யலாம். பயிற்சி இந்த ரெண்டையும் ஒரே மாதிரி பாதிக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல.

சுருதிலயம்:
அலைவரிசை, அந்த ஆய்வுல வந்தவங்க எல்லாரும் மேற்கத்திய இசையைப் பிறந்ததுலேர்ந்து கேட்டு வளர்ந்தவங்கதானே? அப்ப அவங்கள்ல "பயிற்சி இல்லாதவங்க"ன்னு யாரைச் சொல்றது? பல வருஷம் காதுல விழுந்துக்கிட்டே இருந்தது பயிற்சி இல்லையா? க்ளாஸுக்குப் போகலங்கறதால கத்துக்கலன்னு ஆயிடாது.

அலைவரிசை:
அக்கா, நீங்க சொல்ற அதே பாயின்ட்டைத்தான் பிகாண்டும் அவரோட சேர்ந்து எழுதினவங்களும் 2006-ல ஒரு முழுக் கட்டுரையா வாதாடினாங்க, கேட்டுக் கேட்டே எல்லாரும் அனுபவசாலி ஆயிடறோம், வாசிக்கத் தெரியாட்டியும் இசையோட அமைப்பு உள்ள பதிஞ்சுடுதுன்னு. அதனாலதான் அந்த இசையைக் கேட்டே வளராதவங்ககிட்ட போய்ப் பார்த்த ஆய்வுகள் முக்கியம். மூணு சொல்றேன்.

லாரா-லீ பால்க்வில், வில்லியம் தாம்ஸன் ரெண்டு பேரும் 1999-ல மேற்கத்தியக் கேட்பவங்களுக்கு ஹிந்துஸ்தானி ராகங்களைப் போட்டாங்க. மகிழ்ச்சி, சோகம், கோபம் மூணையும் அவங்க பிடிச்சாங்க, அமைதி மட்டும் சரியா பிடிபடல. அவங்க கவனிச்சது ராக லட்சணத்தை இல்ல, வேகம் எப்படி, மெட்டு எவ்வளவு சிக்கல், இந்த மாதிரி விஷயங்களை. அடுத்தது தாமஸ் ஃப்ரிட்ஸ் குழு 2009-ல, வடக்கு காமெரூன்ல மாஃபா மக்கள்கிட்ட, மேற்கத்திய இசையே கேட்டிராதவங்க, பியானோ துண்டுகளைப் போட்டு முகப் படங்களைக் காட்டி எது பொருந்துதுன்னு கேட்டாங்க. மகிழ்ச்சி, சோகம், பயம் மூணையும் குருட்டாம்போக்குல வர்றதை விட நல்லாவே கண்டுபிடிச்சாங்க.

மூணாவது இதுக்கு எதிர்ப்பக்கம் இழுக்குது. ஜாஷ் மக்டெர்மாட் குழு 2016-ல பொலிவியாவோட அமேசான் பகுதியில வாழற சிமானே மக்கள்கிட்ட இனிமையா ஒட்டற கார்டையும் உரசற மாதிரி இருக்கற கார்டையும் போட்டாங்க. நம்ம காதுக்கு ரெண்டாவது கூசும். அவங்க ரெண்டுக்கும் ஒரே மாதிரி மார்க் போட்டாங்க. சத்தத்துல இருக்கற கரகரப்பு அவங்களுக்கும் பிடிக்கல, சிரிப்புச் சத்தம் பிடிச்சது, ஆனா கார்டோட இனிமைங்கறது அவங்களுக்கு ஒரு விஷயமாவே இல்ல. அப்ப சில உணர்ச்சிக் குறிப்புகள் எல்லா மனுஷனுக்கும் பொது, சிலது கேட்டுப் பழகினாத்தான் வரும்.

வெறுங்காது:
பொதுவானது எதுன்னு கேட்டா குரல்தான்னு எனக்குத் தோணுது. தெரியாத பாஷையில ஒருத்தர் அழுதாலும் கோவப்பட்டாலும் நமக்குத் தெரிஞ்சிடுதுல்ல.

அலைவரிசை:
ஆமா, அதேதான். பேட்ரிக் யுஸ்லினும் பெட்ரி லௌக்காவும் 2003-ல பேச்சுக் குரல் பத்தின 104 ஆய்வையும் இசை வாசிப்பு பத்தின 41 ஆய்வையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அலசினாங்க. சோகம்னா மெதுவா, சத்தம் கம்மியா, குரல்ல பளபளப்பு இல்லாம வரும். கோபம்னா வேகம், உரத்த சத்தம், கூர்மையான தொடக்கம். பேசினாலும் வாசிச்சாலும் குறிப்புகள் பெரும்பாலும் ஒண்ணுதான். இதைப் படிக்கறதுக்கு க்ளாஸ் வேண்டாம், பேச்சு கேட்டு வளர்ந்தாலே போதும்.

கட்டைவிரல்:
நான் குழந்தைகளுக்கு பியானோ சொல்லிக் கொடுக்கறவள், இந்த விஷயத்தைத் தினமும் நேர்ல பாக்கறேன். வேகமும் சத்தமும் குழந்தைக்குச் சீக்கிரம் வந்துடுது, மேஜர், மைனர்னு மேற்கத்திய இசையில இருக்கற ரெண்டு ஸ்வர வரிசைக்கு நடுவுல உள்ள வித்தியாசம் பின்னாடிதான் வருது. சிமோனே டல்லா பெல்லா குழு 2001-ல அளந்தே காட்டினாங்க. 5 வயசுக் குழந்தை வேகத்தை மட்டும் வச்சு சந்தோஷமா சோகமான்னு சொல்லுது, 6-லேர்ந்து 8 வயசுக் குழந்தைங்க வேகம், மேஜர்-மைனர் ரெண்டையும் பெரியவங்க மாதிரியே பயன்படுத்தறாங்க. 1990-ல கேஸ்ட்னர், க்ரௌடர் பண்ணின இன்னொரு ஆய்வுல 3 வயசுக் குழந்தையே மேஜருக்குச் சிரிச்ச முகத்தைக் காட்டற போக்கு தெரிஞ்சதுன்னு வருது, அதனால சரியா எந்த வயசுங்கறதுல சண்டை இருக்கு. ஆனா வேகம் முதல்ல, மேஜர்-மைனர் அப்புறம்ங்கற வரிசையை என் அனுபவமும் சொல்லுது.

இன்னொண்ணு சொல்லணும், பெரியவங்களுக்கும் மேஜர் எது மைனர் எதுன்னு பிரிச்சுச் சொல்றது லேசுப்பட்ட விஷயம் இல்ல. லீவர், ஹால்பெர்ன் 2004-ல பாத்தாங்க. பயிற்சி இல்லாதவங்ககிட்ட ரெண்டு மெட்டையும் வெறும் "இது ஒரு வகை, அது ஒரு வகை"ன்னு கத்துக் கொடுத்து பிரிக்கச் சொன்னா தடுமாறறாங்க, அதையே "சந்தோஷம், சோகம்"னு பேர் மாத்திச் சொன்னா மேல வர்றாங்க. அதாவது அவங்க காது அந்த வித்தியாசத்தைப் பிடிச்சுத்தான் வச்சிருக்கு, உணர்ச்சி வழியாக் கேட்டா வெளியில வருது. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச ரிசல்ட். நான் க்ளாஸ்ல இன்டர்வல் (ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல இருக்கற தூரம்) சொல்லிக் கொடுக்கறதுக்கு முன்னாடி "இது என்ன மாதிரி இருக்கு"ன்னு கேக்க ஆரம்பிச்சதே இதைப் படிச்ச பிறகுதான்.

சுருதிலயம்:
கட்டைவிரல், இங்க நான் ஒரு கட்டை போடறேன். மேஜர்னா சந்தோஷம், மைனர்னா சோகம்ங்கறது ஒரு இசை மரபோட பழக்கம். மைனர் ஸ்கேல்ல இருக்கற அதே ஸ்வரங்கள்தான் நம்ம நடபைரவி ராகம். மேஜர் ஸ்கேல் ஸ்வரங்கள்தான் சங்கராபரணம். ஆனா கர்நாடக இசை கத்துக்கிட்ட ஒருத்தர்கிட்ட போய் நடபைரவின்னா சோகம், சங்கராபரணம்னா சந்தோஷம்னு சொன்னா தலையை ஆட்டுவாங்களா? சங்கராபரணத்துல உருக வைக்கற மாதிரி விளம்ப காலத்துல, அதாவது மெதுவா, பாட முடியும், நடபைரவியில கம்பீரமா பாட முடியும். ஸ்வரத்தானம் உணர்ச்சியைத் தீர்மானிக்கல, எந்த ஸ்வரத்துல நிக்கறோம், எங்க கமகம் (ஸ்வரத்தை அசைச்சுப் பாடறது), எந்தக் காலப்பிரமாணம் (வேகம்), இதெல்லாம் சேர்ந்து தீர்மானிக்குது.

2015-ல அவந்திகா மாத்தூர் குழு ஹிந்துஸ்தானி ராகங்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க, ஒவ்வொரு ராகத்தையும் தாளம் இல்லாத ஆலாப்பாவும் தாளத்தோட வர்ற கத்-ங்கற பகுதியாவும் கேக்க வச்சாங்க. ஒரே ராகம், ஆலாப்புல அமைதி சோகம் பக்கம் இருந்தது, கத்துல உற்சாகத்துப் பக்கம் நகர்ந்துடுது. ராகத்துக்குன்னு ஒரே ஒரு ரசத்தை (உணர்ச்சியை) ஒட்டி வச்சு மனப்பாடம் பண்ணினவங்களுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்.

பயிற்சி பத்தின என் கவலையும் இங்கதான் வருது. நம்ம முறையில கத்துக்கிட்டவங்க ஆலாபனை ஆரம்பிச்ச உடனே ராகம் என்னன்னு தேட ஆரம்பிச்சிடறோம், பேர் கிடைச்ச பிறகுதான் மனசு ஓயுது, அதுவரைக்கும் பாடறவர் என்ன சொல்ல வர்றார்னு கவனிக்கவே இல்ல. இது பயிற்சியோட குத்தம்னு சொல்ல மாட்டேன், எதைச் சோதிச்சு மார்க் போடறோமோ அதைத்தான் காது முதல்ல தேடும். ராகம் கண்டுபிடின்னு மட்டுமே சோதிச்சா ராகம் கண்டுபிடிக்கற காதுதான் வளரும்.

நாதவிரும்பி:
அக்கா நீங்க சொன்னது அப்படியே எனக்கு நடக்குது. பேர் தேடற வேலை முடியறதுக்குள்ள பாட்டு பாதி போயிடுது.

எண்கணக்கு:
எல்லாரும் நல்லா பேசறீங்க, ஆனா ஒரு அடிப்படைக் கேள்வியை யாரும் தொடல. பயிற்சி "உண்டாக்குது"ன்னு எப்படித் தெரியும்? பத்து வருஷம் வாசிச்ச ஆளையும் வாசிக்காத ஆளையும் ஒப்பிட்டு வித்தியாசம் கண்டுபிடிச்சா அது பயிற்சியால வந்ததா, இல்ல முதல்லயே காது கூர்மையா இருந்தவங்கதான் பத்து வருஷம் தாக்குப்பிடிச்சாங்களா? கூர்மை இல்லாதவங்க நடுவுலயே நிறுத்தியிருப்பாங்க. இந்த ஓட்டையை அடைக்காம எந்த முடிவுக்கும் வர முடியாது, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

இசையில இருக்கற உணர்ச்சியை விட, பேச்சுக் குரல்ல இருக்கற உணர்ச்சியைப் பிடிக்கறதுல இசைப் பயிற்சி உதவுதான்னு நிறைய ஆய்வு நடந்திருக்கு, குறிப்புகள் ஒண்ணுதான்னு அலைவரிசை மேல சொன்னதால அதை இங்க எடுத்துக்கலாம். தாம்ஸன், ஷெல்லன்பர்க், ஹுசைன் 2004-ல பயிற்சி உள்ள பெரியவங்க இதுல முந்தி இருக்கறதைக் காட்டினாங்க. அதோட நிக்காம 6 வயசுக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில பிரிச்சு ஒரு வருஷம் கீபோர்ட், பாட்டு, நாடகம், எதுவுமே இல்லன்னு நாலு குழுவா வச்சுப் பாத்தாங்க. குலுக்கல்ங்கறதாலதான் இது மதிப்பான ஆய்வு, ஏன்னா திறமை உள்ள குழந்தைங்க தானா ஒரு குழுவுல போய்ச் சேர முடியாது. கோபத்தையும் பயத்தையும் பிடிக்கறதுல கீபோர்ட் குழந்தைங்க எதுவும் கத்துக்காதவங்களை விட நல்லா பண்ணினாங்க. ஆனா கவனிங்க, நாடகம் கத்துக்கிட்ட குழந்தைங்களும் அதே அளவுக்கு நல்லா பண்ணினாங்க. வாய்ப்பாட்டு கத்துக்கிட்ட குழந்தைங்ககிட்ட அந்த முன்னேற்றம் தெரியல. இசைக்குன்னு தனி மந்திரம் எதுவும் இல்லங்கறது இதுலேயே தெரியுது.

அதுக்கப்புறம் 2008-ல ட்ரிம்மர், கட்டி ரெண்டு பேரும் 100 காலேஜ் மாணவங்களைச் சோதிச்சாங்க, இசைப் பயிற்சி எத்தனை வருஷம்ங்கறது குரல்ல உணர்ச்சியைப் பிடிக்கறதோட சம்பந்தமே இல்லாம இருந்தது, எமோஷனல் இன்டெலிஜென்ஸ் (உணர்ச்சிகளைப் புரிஞ்சு கையாளற திறன்) ஸ்கோர்தான் சம்பந்தப்பட்டது. 2011-ல லீமா, காஸ்த்ரோ திரும்பவும் பயிற்சி உள்ளவங்க மேலன்னாங்க. இப்படி இழுபறியா போயிட்டிருந்தப்போ 2022-ல கொரெய்யா குழு ஒரு நல்ல வழியைப் பிடிச்சாங்க. பயிற்சியே இல்லாம, ஆனா இயல்பாவே மெட்டையும் தாளத்தையும் நல்லா பிரிச்சறியற காது உள்ளவங்களைத் தனியா எடுத்துப் பாத்தாங்க. அவங்க பயிற்சி பெற்ற இசைக்காரங்க அளவுக்கே குரல் உணர்ச்சியைப் பிடிச்சாங்க.

இதோட மிரியம் மோசிங் குழு 2014-ல ஸ்வீடன்ல 10,000-க்கும் மேல இரட்டையர்களை வச்சுப் பண்ணின ஆய்வைச் சேர்த்துப் பாருங்க. ஒரே மாதிரி மரபணு உள்ள இரட்டையர்ல ஒருத்தர் நிறைய பயிற்சி பண்ணியிருக்கார், இன்னொருத்தர் கம்மியா பண்ணியிருக்கார், ஆனா சுருதி, மெட்டு, தாளம் பிரிச்சறியற சோதனையில ரெண்டு பேருக்கும் வித்தியாசம் இல்ல. வாசிக்கற திறமையைப் பத்தி அது சொல்லல, காதால பிரிச்சறியறதைப் பத்தி மட்டும்தான். ஆனாலும் "நான் கத்துக்கிட்டேன், அதனால என் காது இப்படி"ன்னு சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிக்கணும்.

கட்டைவிரல்:
எண்கணக்கு சார், உங்க கணக்கை மதிக்கறேன். ஆனா அளந்தது என்னன்னு பாருங்க. கோபமா பயமா சோகமான்னு நாலு பட்டன்ல ஒண்ணை அமுக்கறது. பெரிய நிறங்கள் அது, அதுல எல்லாரும் சமமா இருக்கறது ஆச்சரியமே இல்ல. கத்துக்கிட்டவங்க காது வேலை செய்யற இடம் அதுக்குள்ள இருக்கற சின்னச் சின்ன அசைவுல. ஒரு ஃப்ரேஸ் (மெட்டுத் துண்டு) முடியப் போகுதுன்னு நாம எதிர்பாக்கறப்போ கார்ட் வேற இடத்துக்குப் போயிடுச்சு, அந்த நிமிஷம் வர்ற ஒரு இழுப்பு, அதுக்கு பட்டன்ல பேரே கிடையாது.

அலைவரிசை:
அதையும் அளந்திருக்காங்க. ஸ்டைன்பைஸ், கோல்ஷ், ஸ்லொபோடா மூணு பேரும் 2006-ல ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் எழுதின கோரல்களை (சர்ச்ல பாடற பாட்டுகளை) எடுத்துக்கிட்டாங்க, ஒரு இடத்துல வர்ற கார்டை மட்டும் மூணு விதமா மாத்தினாங்க, எதிர்பாத்த மாதிரி, கொஞ்சம் எதிர்பாராத மாதிரி, சுத்தமா எதிர்பாராத மாதிரி. எதிர்பாராதது கூடக் கூட தோல்ல வியர்வையால வர்ற மின் மாற்றமும் கூடுச்சு, கேட்டவங்க சொன்ன டென்ஷனும் கூடுச்சு. இசைக்காரங்க மட்டும் இல்ல, மத்தவங்களும் சேர்த்துத்தான். அதனால நீங்க சொல்ற அந்த இழுப்பு பயிற்சி இல்லாதவங்க உடம்புலயும் நடக்குது.

ஆனா உங்க பக்கத்துக்கும் ஒண்ணு இருக்கு. டெல்லாஷெரி குழு 2011-ல உரசற மாதிரி இருக்கற இசையை, அனுபவம் அதிகம் உள்ளவங்களுக்கும் கம்மியா உள்ளவங்களுக்கும் போட்டாங்க. அதிக அனுபவம் உள்ளவங்களுக்கு அது இன்னும் அருவருப்பா இருந்தது, உடம்போட எதிர்வினையும் பலமா இருந்தது. 28 பேர்தான், சின்ன ஆய்வு. சிமானே மக்களுக்கு அந்த உரசல் ஒரு பொருட்டாவே இல்லங்கறதையும் இதையும் சேர்த்து வச்சுப் பாத்தா ஒரு கோடு தெரியுது, அந்த இசையைக் கேக்காதவங்க, கேட்டு வளர்ந்தவங்க, கேட்டுக் கத்துக்கிட்டவங்க, இந்த வரிசையில அந்த ஒரு உணர்ச்சி பலமாகிட்டே போகுது. கோடு போட்டது நான்தான், மூணையும் ஒரே ஆய்வுல அளக்கல.

எண்கணக்கு:
சரியா சொன்னீங்க, அந்தக் கடைசி வரி முக்கியம்.

நாதவிரும்பி:
நன்றி எல்லாருக்கும். ஆனா என் ரெண்டாவது கேள்வி அப்படியே நிக்குது. கண்டுபிடிக்கறதுல எல்லாரும் கிட்டத்தட்ட சமம், சரி. உள்ள வர்றது? அலசற பழக்கம் வந்த பிறகு அது குறைஞ்சிடுதா?

மழைத்துளி:
இவ்வளவு நேரம் படிச்சிட்டு மட்டும் இருந்தேன். இசை அறிஞர் லியோனார்ட் மேயர் 1956-லயே இதைப் பத்தி யோசிச்சிருக்கார், இசையில உணர்ச்சி எதிர்பார்ப்பு தடைபடறதுலேர்ந்து வருதுன்னு சொன்னவர் அவர். அதே தடையை ஒருத்தர் உணர்ச்சியா அனுபவிப்பார், இன்னொருத்தர் அறிவால "இங்க இது தள்ளிப் போச்சு"ன்னு கவனிப்பார், எது நடக்கும்ங்கறது கேக்கறவரோட மனப்போக்கையும் பயிற்சியையும் பொறுத்ததுன்னு எழுதினார். நாதவிரும்பிக்கு நடக்கறது இதுதான். ரெண்டுக்கும் காரணம் ஒரே இடம், வெளிய வர்ற வாசல்தான் வேற.

மூளை பத்தியும் ஒரு பழைய ஆய்வு உண்டு, பெவர், கியாரெல்லோ 1974. சின்ன மெட்டுகளைப் பயிற்சி உள்ளவங்க வலது காதுல நல்லா அடையாளம் கண்டாங்க, மத்தவங்க இடது காதுல (வலது காதுல விழறது பெரும்பாலும் மூளையோட இடது பாதிக்கும், இடது காதுல விழறது வலது பாதிக்கும் போகும்). கத்துக்கிட்டவங்க மெட்டைத் துண்டு துண்டா பிரிச்சுக் கேக்கறாங்க, மத்தவங்க முழுசா ஒரு உருவமா கேக்கறாங்கன்னு அவங்க விளக்கம் கொடுத்தாங்க.

அலைவரிசை:
மழைத்துளி சொன்னதுல மேயர் பகுதி எனக்கு முழு சம்மதம். ஆனா "அலசினா உணர்ச்சி போயிடும்"ங்கறதுக்கு நேர் எதிரான சாட்சி ஒண்ணு இருக்கு. ஆன் ப்ளட், ராபர்ட் ஸடோரே 2001-ல சிலிர்ப்பு வர்றப்போ மூளையில என்ன நடக்குதுன்னு, ரத்த ஓட்டத்தைக் காட்டற பெட் ஸ்கேன்ல பாத்தாங்க. 10 பேர், எல்லாருமே வருஷக்கணக்குல இசைப் பயிற்சி உள்ளவங்க. அவங்கவங்களுக்குச் சிலிர்ப்பு வர வைக்கற இசையை அவங்களே கொண்டு வந்தாங்க, ஒருத்தரோட இசை இன்னொருத்தருக்கு ஒப்பீட்டுக்குப் போடப்பட்டுச்சு. சிலிர்ப்பு கூடக் கூட, மூளையில வெகுமதிக்குச் சம்பந்தப்பட்ட பகுதிகள்ல ரத்த ஓட்டம் கூடுச்சு. பயிற்சி சிலிர்ப்பைக் கொன்னுடும்னா இந்த ஆய்வையே நடத்தியிருக்க முடியாது. இதை வச்சு கத்துக்கிட்டவங்களுக்குக் கூடுதலா வருதுன்னும் சொல்ல முடியாது, ஏன்னா கத்துக்காதவங்க அதுல இல்ல.

ஜான் ஸ்லொபோடா 1991-ல கேட்டது இன்னும் பொருத்தம். உங்களுக்குக் கண்ணீர் வர்ற, சிலிர்க்கற, நெஞ்சு படபடக்கற இடம் எதுன்னு சரியா குறிச்சுக் கொடுங்கன்னு கேட்டார். கண்ணீர் வர்ற இடங்கள்ல அப்பொஜியாச்சுரா அடிக்கடி வந்துச்சு, அதாவது கார்டோட ஒட்டாத ஒரு ஸ்வரம் கொஞ்ச நேரம் அழுத்தி நின்னு அப்புறம் இறங்கி ஒட்டறது. சிலிர்ப்பு வர்ற இடங்கள்ல திடீர்னு புது ஹார்மனி, அதாவது எதிர்பாராத கார்ட் மாற்றம். நாதவிரும்பி, நீங்க முதல் பதிவுல எழுதின "பேஸ் இறங்குது, மெலடி நிக்குது" கூட அதே இனம்தான், மேல நிக்கற ஸ்வரம் கீழ மாறின கார்டோட ஒட்டாம போகுது. உங்க ஃப்ரெண்ட்ஸ் கலங்கின காரணத்தை நீங்க பேரோட சொல்றீங்க.

வெறுங்காது:
அந்தக் கடைசி வரிக்கு நன்றி. எனக்கு அந்த ஸ்வரத்தோட பேர் தெரியாது, ஆனா அது இறங்கற வரைக்கும் மூச்சைப் பிடிச்சிட்டிருப்பேன்.

மழைத்துளி:
கண்டுபிடிக்கறதும் அனுபவிக்கறதும் எவ்வளவு தூரம் தனித்தனியா இயங்கும்ங்கறதுக்கு ரெண்டு விஷயம் சேர்க்கறேன். இசபெல் பெரெட்ஸ் குழு 1998-ல ஒரு பெண்மணியைப் பத்தி எழுதினாங்க. மூளை பாதிப்புக்கு அப்புறம் தெரிஞ்ச பாட்டைக் கூட அவங்களால அடையாளம் சொல்ல முடியல, ரெண்டு மெட்டு ஒண்ணா வேறயான்னு சொல்லவும் கஷ்டம். ஆனா இது சந்தோஷமான மெட்டு, இது சோகமானதுன்னு மத்தவங்க மாதிரியே சொன்னாங்க. இதுக்கு எதிர்முனை, மாஸ்-எரேரோ குழு 2014-ல காட்டினவங்க. இசையில இருக்கற உணர்ச்சி என்னன்னு சரியா சொல்றாங்க, பணம் ஜெயிச்சா சந்தோஷப்படறாங்க, இசையால மட்டும் எந்த இன்பமும் வர்றதில்ல. ரெண்டுமே பயிற்சிக்குச் சம்பந்தமில்லாதது, ஆனா "பேர் சொல்ல வருது, அதனால உணர்ச்சி போச்சு"ன்னு நேர்க்கோடு போட முடியாதுங்கறது இதுல தெளிவாகுது.

சுருதிலயம்:
நாதவிரும்பி, நான் சொல்லிக் கொடுக்கற பிள்ளைகளுக்கு வைக்கற ஒரு வழக்கத்தைச் சொல்றேன். புது ஆலாபனை முதல் தடவை கேக்கும்போது ராகம் பேர் சொல்லக் கூடாது. எந்த இடத்துல நிமிர்ந்து உக்காந்தேன்னு மட்டும் சொல்லணும். ரெண்டாவது தடவை அந்த இடத்துல என்ன பிரயோகம் (ஸ்வரக் கோர்வை) வந்ததுன்னு பாப்போம். ராகம் பேர் மூணாவது. அலசறதை நிறுத்தச் சொல்லல, வரிசையை மாத்தறோம். பேர் தெரிஞ்சுட்டா சொல்லாம வச்சுக்கறது முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும்.

கட்டைவிரல்:
அக்கா சொன்னது கேக்கற பக்கம். வாசிக்கற பக்கத்துக்கு ஒண்ணு. யுஸ்லினும் லௌக்காவும் 2000-ல கிட்டார் வாசிக்கறவங்களை வச்சுப் பண்ணினது, ஒரே மெட்டை சந்தோஷமா, சோகமா, கோபமா, பயமா வாசிக்கச் சொல்லி, கேட்டவங்க எந்தக் குறிப்பை வச்சு முடிவு பண்றாங்க, இவங்க எந்தக் குறிப்பைப் பயன்படுத்தறாங்கன்னு ரெண்டையும் பக்கத்துல வச்சு வாசிச்சவங்களுக்கே காட்டினாங்க. "சோகத்துக்கு நீங்க சத்தத்தை இன்னும் குறைக்கணும், கேக்கறவங்க அதைத்தான் பாக்கறாங்க"ங்கற அளவுக்குத் தெளிவா. அதுக்கப்புறம் அவங்க வாசிப்புல உணர்ச்சி நல்லாப் போய்ச் சேர்ந்தது. வருஷக்கணக்குல வாசிச்சாலும் மனசுல நினைச்சது கேக்கறவருக்குப் போய்ச் சேருதான்னு யாரும் திருப்பிச் சொல்றதில்ல, அந்த இடைவெளி அப்படியே இருந்துடுது. பயிற்சி எங்க உதவும்னு கேட்டா நான் இதைத்தான் முதல்ல காட்டுவேன்.

நாதவிரும்பி, வயலின் கையில இருக்கு. ஒரே சின்ன மெட்டை இந்த நாலு மாதிரி வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி இங்க போடுங்களேன்.

எண்கணக்கு:
போடறதுன்னா வரிசையைக் குலுக்கிப் போடுங்க, எது எதுன்னு சொல்லாதீங்க, ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை வாசிச்சு எட்டாப் போட்டீங்கன்னா இன்னும் நல்லது. பதில் எல்லாம் தனி மெசேஜ்ல வரட்டும், ஒருத்தர் சொன்னதைப் பாத்து இன்னொருத்தர் மாத்திக்கக் கூடாது. கத்துக்கிட்டவங்க யாரு, கத்துக்காதவங்க யாருன்னு ஒரு வரி எழுதிட்டா அதையும் பிரிச்சுப் பாக்கலாம். இத்தனை பேரை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது, ஆனா உங்க வாசிப்புல எந்த உணர்ச்சி போய்ச் சேருது, எது சேரலன்னு உங்களுக்குத் தெரியும்.

நாதவிரும்பி:
கண்டிப்பா போடறேன். பயத்தை எப்படி வாசிக்கறதுன்னுதான் இப்ப யோசிக்கறேன், மத்த மூணும் கைக்குத் தெரியுது.

கட்டைவிரல்:
சத்தத்தைக் குறைச்சு, வேகத்தை ஒரே சீரா வைக்காம, ஸ்வரங்களுக்கு நடுவுல இடைவெளி விட்டு விட்டு வாசிச்சுப் பாருங்க. சோகத்தோட குழம்பற இடம் அந்தக் குறைஞ்ச சத்தம்தான், அதனால ஸ்வரங்களை இழுத்து ஒட்டாதீங்க.

வெறுங்காது:
நான் முதல் ஆளா கேட்டுச் சொல்றேன், போட்டதும் இங்க ஒரு வரி எழுதுங்க.